எடை குறைந்த பின் கல் வருவது ஏன்?

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் செட்டிகுளம் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கையில் கரும்பு ஏந்திய தண்டாயுதபாணி குடிகொண்ட ஊரில் கூடியிருக்கிறோம். "இனிப்பான ஊரில் கசப்பான விஷயம் எதுவும் பேசிடாதீங்க" என்று செயலாளர் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். சிறுநீரக டாக்டரைப் பேசக் கூப்பிட்டால் அவன் வேறென்ன பேசுவான்? ஆகவே பொறுத்தருள வேண்டும்.

நான் பேச எடுத்துக்கொண்டது, எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் கல்லடைப்பைப் பற்றி. "இது நமக்கெதுக்கு, பணக்காரங்க சமாசாரம்" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21-இன் கணக்கைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காடு பேரும், ஆண்களில் 37 விழுக்காடு பேரும் உயரத்துக்கு மீறிய எடை உள்ளவர்கள். அவர்களில் சிலர் இந்த அறுவைக்குப் போகத்தான் செய்வார்கள்; போகவும் செய்கிறார்கள். நம் பெரம்பலூர் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்தும் போகிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த அறுவைக்கு எதிரி அல்ல. சுவீடன் நாட்டில் 1987-இல் தொடங்கி 4,000-க்கும் மேற்பட்டோரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைந்திருந்ததை 2007-இல் அது வெளியிட்டது. சர்க்கரை வியாதி கட்டுக்குள் வந்து, மூட்டுவலி குறைந்து, புது மனிதராய் நடப்பவர்களை நானே பார்க்கிறேன். தேவைப்பட்டவர்கள் செய்துகொள்ள வேண்டியதுதான். செய்துகொண்ட பிறகு என்ன செய்யவேண்டும் என்பதே என் பேச்சு.

இதில் முக்கியமாக இரண்டு வகை. இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கிக் குழாய் போல ஆக்குவது 'ஸ்லீவ்'. இரைப்பையைச் சிறு பையாக்கி, சிறுகுடலின் முற்பகுதியைத் தாண்டிச் சாப்பாடு போகும்படி வழியை மாற்றிவிடுவது 'பைபாஸ்'. இதய பைபாஸோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கல் வரும் ஆபத்து அதிகரிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான். அமெரிக்காவில் மேயோ மருத்துவமனை மருத்துவர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், எடை குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களில் 11.1 விழுக்காடு பேருக்குப் புதிதாகக் கல் உண்டானது. அதே அளவு பருமன் இருந்தும் அறுவை செய்துகொள்ளாதவர்களில் இது 4.3 விழுக்காடுதான்.

ஏன் இப்படி? நம் ஊர் வழியிலேயே சொல்லிப் பார்க்கிறேன். கருணைக்கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் நாக்கும் தொண்டையும் நமநமவென்று அரிக்கிறதே, அதற்குக் காரணம் அதிலுள்ள ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். சிறுநீரகத்தில் உண்டாகும் கற்களில் பெரும்பான்மையும் இதே கால்சியம் ஆக்சலேட்தான். இதிலுள்ள ஆக்சலேட் கீரை, கிழங்கு, எள், பருப்புக் கொட்டைகள் எல்லாவற்றிலும் ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. வழக்கமாக என்ன நடக்கிறது? சாப்பாட்டிலுள்ள கால்சியம் குடலிலேயே இந்த ஆக்சலேட்டைக் கட்டிப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. சிறுநீரகம் வரை அது போவது கொஞ்சம்தான்.

பைபாஸுக்குப் பிறகு கொழுப்பு சரியாகச் செரிக்காமல் குடலில் மிஞ்சுகிறது. நம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணறு சிலவற்றில் சோப்புப் போட்டால் நுரைக்குதா? நுரைக்காது, வெள்ளை வெள்ளையாய்த் திரிந்துபோகும். தண்ணீரிலுள்ள கால்சியம் சோப்பைப் பிடித்துக்கொள்வதே காரணம். அதே கதைதான் குடலிலும். மிஞ்சிய கொழுப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. கட்டிப்போட ஆளில்லாத ஆக்சலேட் பெருங்குடல் வழியாக இரத்தத்துக்குப் போய், அங்கிருந்து சிறுநீரில் வந்து குவிகிறது. போதாக்குறைக்கு, இரைப்பை சிறிதானதால் குடிக்கும் தண்ணீரும் குறைகிறது. கல் சேராமல் தடுக்கும் சிட்ரேட் என்ற பொருளும் சிறுநீரில் குறைகிறது. மூன்றும் சேர்ந்தால் கல் வராமல் என்ன செய்யும்?

மருத்துவ உலகம் இதை முன்பே ஒருமுறை பட்டு அறிந்தது. 1950-களிலிருந்து 1970-கள் வரை சிறுகுடலில் மிகப் பெரும்பகுதியை விலக்கிவிடும் ஓர் அறுவை வழக்கில் இருந்தது. எடை நன்றாகவே குறைந்தது. ஆனால் கல்லும் சிறுநீரகச் செயலிழப்பும் கல்லீரல் கோளாறும் வந்ததால் அதைக் கைவிட்டார்கள். இன்றைய பைபாஸ் அவ்வளவு கொடியதல்ல. ஆனால் கவனக்குறைவை அது மன்னிப்பதில்லை.

இந்த வட்டாரத்துப் பெண்மணி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். சின்ன வெங்காயம் போடும் குடும்பம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி பணம் அனுப்ப, நகரத்தில் பைபாஸ் செய்துகொண்டார். 35 கிலோ குறைந்தது. இரண்டாவது வருஷம் ஒரு ராத்திரி இடுப்பிலிருந்து அடிவயிறு வரை உயிர் போகிற வலி. கல்லை லேசர் வைத்து உடைத்து எடுத்தார்கள். எட்டு மாதத்தில் மறுபடியும் கல். அப்போதுதான் என்னிடம் வந்தார்.

24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துக் கொண்டுவரச் சொன்னேன். மொத்தம் 700 மில்லிதான் இருந்தது. ஆக்சலேட் இருக்கவேண்டிய உச்ச அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். "என்னம்மா சாப்பிடுறீங்க?" என்றால், "கல்லுக்குக் கால்சியம்தான் காரணம்னு எல்லாரும் சொன்னாங்க. பால், தயிர், கால்சியம் மாத்திரை எல்லாத்தையும் நிறுத்திட்டேங்க. உடம்புக்கு நல்லதுன்னு காலையிலே கீரைச் சாறு மட்டும் தவறாம குடிக்கிறேன்" என்றார். "தண்ணி?" என்றேன். சற்று நேரம் தலை குனிந்திருந்துவிட்டு, "வெங்காயக் காட்டுல நாள் முழுக்க நிக்கிறோம். தண்ணி குடிச்சா ஒதுங்க எங்கே போறதுங்க டாக்டர்?" என்றார்.

நண்பர்களே, அந்தக் கேள்விக்கு மருந்துச் சீட்டில் பதில் எழுத முடியாது. ஆனால் மற்றவற்றுக்குப் பதில் இருக்கிறது. அந்த அம்மா செய்தது அத்தனையும் நல்ல எண்ணத்தில், நாலு பேர் சொல்கேட்டுச் செய்தது, அத்தனையும் தலைகீழ். குடலில் ஆக்சலேட்டைப் பிடிக்கும் காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு, ஆக்சலேட்டை டம்ளர் டம்ளராய் உள்ளே விட்டிருக்கிறார்.

எனவே பைபாஸ் செய்துகொண்டவர்கள் மனத்தில் வைக்கவேண்டியவை:

முதலாவது, கால்சியத்தை நிறுத்தாதீர்கள். நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் வரை, உணவும் மாத்திரையுமாகச் சேர்த்து, இவர்களுக்குத் தேவை. மாத்திரை என்றால் கால்சியம் சிட்ரேட் நல்லது. வயிற்றில் அமிலம் குறைவாக இருந்தாலும் உடம்பில் சேரும், சிட்ரேட்டும் கிடைக்கும். ஒரே வேளையில் விழுங்காமல் பிரித்து, சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். இரும்புச் சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். சிறுநீர் நாளுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் முடியாது. பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு மடக்கு மடக்காகக் குடியுங்கள். சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாறு நல்லது. வாழைத்தண்டுச் சாறு குடிப்பவர்கள் குடிக்கலாம், அதுவும் நீர்தானே. ஆனால் அதை நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது. உப்பைக் குறையுங்கள்.

மூன்றாவது, கீரைச் சாறு வேண்டாம். பாலக்கீரை, முளைக்கீரை வகைகள், பீட்ரூட், பாதாம், எள்ளுருண்டை எல்லாம் அளவோடு. கீரை சாப்பிடும் நாளில் வேகவைத்த நீரை வடித்துவிட்டு, தயிரோ மோரோ சேர்த்துச் சாப்பிடுங்கள். நம் ஊர்ச் சின்ன வெங்காயத்தில் ஆக்சலேட் மிகக் குறைவு, பயமில்லாமல் சாப்பிடலாம்! வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் விழுங்காதீர்கள். அதுவும் உடம்பில் ஆக்சலேட்டாக மாறும். அமெரிக்காவில் பல வருஷங்களுக்கு முன் பைபாஸ் செய்துகொண்ட 65 வயது அம்மையார் ஒருவர், உடம்பைச் சுத்தம் செய்வதாக எண்ணிப் பச்சைக் கீரைச் சாறு குடித்துவந்து, இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தார் என்று 2018-இல் ஒரு மருத்துவ இதழ் எழுதியது. கல் வலி வந்தாலாவது ஆள் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். ஆக்சலேட் சத்தமில்லாமல் சிறுநீரகத்திலேயே படிந்தால் வலிகூட இருக்காது.

நான்காவது, எந்த டாக்டரிடம் போனாலும், காய்ச்சலுக்கே போனாலும், "எடை குறைக்க பைபாஸ் பண்ணியிருக்கேன்" என்று சொல்லுங்கள். முன்பே கல் இருந்தவர்கள் அறுவைக்கு முன்னால் அதைச் சொல்லுங்கள். எந்த வகை அறுவை என்று முடிவுசெய்ய அது உதவும். ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தில் கிரியேட்டினின் பாருங்கள். ஒருமுறை கல் வந்தால் அதை எடுத்ததோடு நிற்காமல், 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அந்த அம்மாவுக்குக் கால்சியம் மாத்திரை ஆரம்பித்தோம். தயிர் திரும்பி வந்தது, கீரைச் சாறு போனது. ஆறு மாதத்தில் ஆக்சலேட் பாதியாகக் குறைந்தது. மூன்று வருஷமாகப் புதுக் கல் இல்லை. அவர் கணவர் மோட்டார் கொட்டகை ஓரமாகத் தகரம் அடித்து ஒரு மறைப்புக் கட்டினார். அந்தக் காட்டில் வேலைக்கு வரும் அத்தனை பெண்களும் இப்போது தண்ணீர் குடிக்கிறார்கள். என் மருந்துச் சீட்டைவிட அந்தத் தகரக் கொட்டகைக்கு மதிப்பு அதிகம் என்றே நினைக்கிறேன். இங்கே நிலம் வைத்திருக்கும் நண்பர்கள் பலர் இருக்கிறீர்கள். ஆளுக்கொன்று கட்டினால், அறுவை செய்யாதவர்களுக்கும் கல்லடைப்பு குறையும்.

 சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது, இலை போட்டாயிற்று. மோர் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.