கல்லீரல் ஸ்கேன் சீட்டு சொல்வது என்ன?

(நமது ஆலய மண்டபத்தில் நடைபெற்ற இலவச மருத்துவ முகாமில் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன்; ஓய்வு பெற்ற தமிழாசிரியன். முகாமில் பதிவு மேசையில் அமர்பவன் என்ற முறையில் பேசுகிறேன். கடந்த முகாமில் ஓர் அம்மையார் தம் ஸ்கேன் சீட்டை நான்காக மடித்துக் கொண்டுவந்து காட்டினார். 'ஃபேட்டி லிவர்' என்று எழுதியிருந்தது. "சார், எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. இதை மருமகளிடம் எப்படிக் காட்டுவேன்?" என்றார்.

கல்லீரல் கெட்டால் குடிதான் காரணம் என்று நம் சமூகம் முடிவு கட்டிவிட்டது. தோட்டங்களில் சம்சு செய்த கொடுமையைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு அந்த எண்ணம் இயல்பே. ஆனால் அந்த அம்மையாருக்குப் பத்தாண்டுகளாக இனிப்பு நீர் உண்டு. காரணம் அதுவாக இருக்கலாம். இனிப்பு நீர், தொப்பை, இரத்தக் கொழுப்பு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் கல்லீரலில் கொழுப்பு சேரும். உலக மருத்துவ நிபுணர்கள் 2023-இல் இந்நோயின் பெயரையே மாற்றி, அதிலிருந்து 'மது' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள்.

ஸ்கேன் கருவி ஒலியலையை அனுப்பி, அதன் எதிரொலியைப் படமாக்குகிறது. கொழுப்பேறிய கல்லீரல் பக்கத்திலுள்ள சிறுநீரகத்தைவிட வெளுப்பாகத் தெரியும். கொழுப்பு சிறிதளவே இருந்தால் ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். இரத்தப் பரிசோதனை சரியாக இருப்பவருக்கும் கொழுப்பு இருப்பதுண்டு. உடல் எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கு குறைத்தால் கல்லீரல் பெரும்பாலும் தேறும். எண்பது கிலோ உள்ளவர் ஆறிலிருந்து எட்டு கிலோ குறைக்க வேண்டும். இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது. (அன்னதானத்தில் இனிப்பைக் குறைக்கலாம் என்று குழுவில் சொல்லிப் பார்த்தேன். பாயசத்திற்கு மட்டும் விலக்கு அளித்துவிட்டார்கள்!)

சீட்டில் 'நீர்க்கட்டி' என்றோ 'ஹீமேஞ்சியோமா' என்றோ இருந்தால் உடனே கலங்க வேண்டாம். பின்னது இரத்தக் குழாய்களால் ஆன முடிச்சு. பெரும்பாலும் இவை தீங்கு செய்வதில்லை. ஆனால் கல்லீரலின் மேற்பரப்பு மேடுபள்ளமாக இருக்கிறது, மண்ணீரல் வீங்கியுள்ளது, வயிற்றில் நீர் தேங்கியுள்ளது என்றெல்லாம் எழுதியிருந்தால் அது வேறு. கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவதன் அடையாளமாக இருக்கலாம். தாமதமின்றி நிபுணரைப் பாருங்கள்.

நான் பெரிதும் அஞ்சுவது ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியைத்தான். நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் இதற்கான தடுப்பூசி 1989-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்த நம்மில் பலர் அதைப் போட்டுக்கொண்டதில்லை. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றிய கிருமி, எந்த அறிகுறியும் இல்லாமல் பல்லாண்டு உடலில் தங்கியிருக்கும். கிருமி உள்ளவர்களை ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொல்வது, கட்டி எழுந்தால் சிறிதாக இருக்கும்போதே பிடிப்பதற்காக. என் நண்பர் ஒருவர், "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று இடையில் நிறுத்திவிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து வயிற்று வலியுடன் போனபோது, அறுவை செய்ய இயலாத அளவுக்குக் கட்டி வளர்ந்திருந்தது. அவருக்கு மூன்று பிள்ளைகள். மூவரும் அதன் பிறகே இரத்தம் சோதித்தார்கள். ஒருவருக்குக் கிருமி இருந்தது. அவர் இன்று தவறாமல் ஸ்கேனுக்குப் போகிறார்.

நாட்டு மருந்து உட்கொள்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சீந்தில் கொடி உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்துள்ளனர்.

அடுத்த முகாமுக்கு வருபவர்கள் ஆறு மணி நேரம் உணவு உண்ணாமல் வர வேண்டும். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும். கல் இருந்தாலும் சரியாகத் தெரியாது. கார்த்திகை விரதம் இருப்பவர்களுக்கு இது பெரிய காரியமில்லை. இனிப்பு நீர் மருந்து எடுப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஸ்கேன் சீட்டுகள் இருந்தால் மடித்து வைக்காமல் அவற்றையும் கொண்டு வாருங்கள்.