பெயர் நிலைத்தது, பாட்டு நிலைத்ததா?

கோயில் தேரின் அச்சு முறிந்தால் ஊரார் புதிய அச்சுப் பூட்டுவர். சில்லுத் தேய்ந்தால் வேறு சில்லுச் செய்விப்பர். பலகை உளுத்துப் போனால் தச்சரை அழைத்துப் புதுப் பலகை பொருத்துவர். இவ்வாறு பல தலைமுறை கழிந்தபின், முதன்முதல் ஓடிய தேரின் மரத்துண்டு ஒன்றேனும் அதில் எஞ்சியிருக்குமோ என்பது ஐயமே. ஆயினும் அது தங்கள் தேர்தானா என்று ஊரவர் எவரும் வினவுவதில்லை. திருவிழா வந்ததும் வடம் பிடிக்கின்றனர்.

நேயர்களே, இதே வினா ஆங்கில இசைக்குழு ஒன்றைப் பற்றி எழுந்தபோது, அதன் இரசிகர்களால் அத்துணை எளிதில் அமைதி காண இயலவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் வழக்காடி வருகின்றனர். 'ஆம்' என்னும் பொருள்படும் 'யெஸ்' என்பது அக்குழுவின் பெயர். பெயரோ ஆம், அதன் பிற்கால இசைத்தட்டுக்கள் பற்றிய தீர்ப்போ, பாதிப் பேரிடம் ஆம், பாதிப் பேரிடம் இல்லை!

1968ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பாடகர் ஜோன் அன்டர்சனும், பேஸ் கிற்றார் வாசித்த கிறிஸ் ஸ்குவையரும் கூடித் தொடங்கிய குழு இது. 'புறோகிறசிவ் றொக்', அதாவது முன்னேறிச் செல்லும் றொக் இசை, என்று பெயர் பெற்ற மரபின் தலைமக்களுள் இவர்கள் எண்ணப்படுவர். மூன்று நிமிடத்தில் முடியும் ஆடற்பாட்டோடு அமையாது, மேனாட்டுச் சாஸ்திரிய இசையைப் போலப் பல பகுதிகளாக விரியும் நெடும் பாட்டுக்களை இயற்றுவது அம்மரபின் இயல்பு. 1972இல் வெளிவந்த 'குளோஸ் ரு தி எட்ஜ்' என்னும் இசைத்தட்டில் மூன்றே உருப்படிகள். அவற்றுள் முதலாவது பதினெட்டு நிமிடத்துக்கு மேல் நீண்டு, தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பியது. அடுத்த ஆண்டின் இறுதியில் வந்த இரட்டைத் தட்டிலோ, பக்கத்துக்கு ஒன்றாக நான்கே பாட்டுக்கள். பரமஹம்ச யோகானந்தர் தமது சுயசரிதையில் சாஸ்திரங்களைப் பற்றி எழுதிய அடிக்குறிப்பு ஒன்றே அதற்கு வித்தாயிற்று என்பது, கீழ்நாட்டுச் சிந்தனை சென்று சேர்ந்த தொலைவைக் காட்டும்.

இக்காலத்துப் பாட்டுக்களைப் பற்றி இரசிகரிடையே பெரும் பிணக்கு இல்லை. பிணக்குத் தொடங்கியது 1980இல். அன்டர்சனும், விசைப்பலகை வாத்தியங்களில் வல்லவரான றிக் வேக்மனும் விலகினர். அவர்கள் இடத்துக்கு ரெவர் ஹோர்ணும் ஜெஃப் டவுன்ஸும் வந்தனர். புதியவர்கள் இருவரும் 'பகிள்ஸ்' என்னும் பெயரில் இனிய சிறு பாட்டுக்கள் பாடிப் புகழ் பெற்றவர்கள். 'டிறாமா' என்னும் தட்டு வெளியாயிற்று. பிரித்தானிய மேடைகளில் ஹோர்ண் பாட எழுந்தபோது, பழைய குரலை எதிர்பார்த்து வந்தோர் பலர் தம் அதிருப்தியை மறைக்கவில்லை. விரைவில் குழுவும் கலைந்தது.

அடுத்து நிகழ்ந்தது வியப்புக்குரியது. 1983இல் தென்னாபிரிக்கரான ரெவர் றபின் என்பாரின் கிற்றாரோடும், திரும்பி வந்த அன்டர்சனின் குரலோடும் குழு மீண்டும் உருப்பெற்றது. அப்போது வந்த '90125' என்னும் தட்டின் பாட்டு ஒன்று, 1984இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் முதலிடத்தை எய்தியது. அத்தட்டைத் தயாரித்தவர் யார்? பாடகராக ஏற்கப்படாத அதே ஹோர்ண்! இளைஞர் கூட்டம் ஒன்று புதிதாக வந்து சேர்ந்தது. முன்னையோரோ, நெடுங்காவியம் பாடியவர்கள் சிறு பாட்டுக்கு விலைபோயினர் என்று வருந்தினர். இவ்வாறு இரசிகர் இரு பிரிவாயினர்.

பிரிவு இசைஞரிடையேயும் நேர்ந்தது. 1989இல் பழைய உறுப்பினர் நால்வர் சேர்ந்து வெளியிட்ட தட்டுக்கு, யெஸ் என்னும் பெயரைச் சூட்ட இயலாது தங்கள் நான்கு பெயர்களையே சூட்டினர். 1991இல் இரு சாராரும் ஒன்றாகி, எண்மர் பெயரோடு 'யூனியன்' என்னும் தட்டு வந்தது. ஒற்றுமை என்பது அதன் பொருள். ஆனால் வெளியார் பலர் வாசித்ததைச் சேர்த்துத் தொகுத்த தட்டு அது. கேட்கும்போதெல்லாம் கண்ணீர் வருவதால் அதனை வெங்காயம் எனத் தாம் அழைப்பதாக, யூனியனை ஓனியனாக்கி வேக்மன் நகையாடியமை பலரும் அறிந்ததே.

2008இல் அன்டர்சன் மூச்சுத் தொல்லையால் கடும் நோயுற்றார். குழு அவருக்காகக் காத்திருக்கவில்லை. யெஸ் பாட்டுக்களையே பாடிவந்த கனேடியக் குழுவொன்றின் பாடகர் பெனுவா டேவிட் அழைக்கப்பட்டார். 2012இல் அவரும் விலக, ஜோன் டேவிசன் வந்தார். 2015இல் ஸ்குவையர் காலமானார். அதுவரை வந்த ஒவ்வொரு தட்டிலும் வாசித்தவர் அவர் ஒருவரே. 1972 முதல் டிறம்ஸ் வாசித்த அலன் வைற் 2022இல் மறைந்தார். ஆகவே 2023இல் 'மிறர் ரு த ஸ்கை' வெளிவந்தபோது, குழுவைத் தொடங்கியவருள் ஒருவரேனும் அதில் இல்லை. 1970இல் சேர்ந்த கிற்றார்க் கலைஞர் ஸ்ரீவ் ஹவ்வே மூத்தவராக நின்று வழிநடத்தினார்.

இனி வழக்கைக் கேட்போம். 'பெயர் என்பது ஒரு வாக்குறுதி. அந்தக் குரலும் அந்தப் பேஸ் நாதமும் இன்றி அப்பெயரை இடுவது முறையன்று' என்பர் ஒரு சாரார். 2014இல் வந்த 'ஹெவின் அண்ட் ஏர்த்' தட்டின் நடை தளர்ந்திருப்பதையும், பாட்டுக்களில் முன்னைய விறுவிறுப்பு இன்மையையும் அவர்கள் சான்று காட்டுவர். மறுசாரார், 'ஆட்கள் மாறாத யெஸ் எந்நாளில் இருந்தது? புகழின் உச்சியிலேயே டிறம்ஸ் கலைஞர் பில் புறூபோர்ட் விலகவில்லையா? வேக்மன் போவதும் வருவதுமாக இருக்கவில்லையா?' என்று வினவுவர். விசைப்பலகைக் கலைஞர் இல்லாத வேளையில் முழு வாத்தியக் குழுவை அவ்விடத்தில் அமர்த்தி 2001இல் படைத்த 'மக்னிஃபிக்கேஷன்', பிற்காலத்தும் ஊற்று வற்றவில்லை என்பதற்கு அவர்கள் தரும் சான்று.

இரு சாராரிடமும் நியாயம் உண்டு. ஆயினும் வழக்கின் வேர் எங்கே உள்ளது என்பதை ஒரு தட்டு தெளிவாகக் காட்டுகிறது. 2011இல் வந்த 'ஃபிளை ஃபுறொம் ஹியர்' என்பதே அது. ஹோர்ணும் டவுன்ஸும் 1980ஆம் ஆண்டளவில் ஆக்கிய பாட்டொன்றை விரித்து அமைத்த நெடும் படைப்பு அதன் நடுநாயகம். அதனைப் பெனுவா டேவிட் பாடினார். 2018இல் அதே தட்டு, ஹோர்ண் தாமே பாடிய குரலோடு மீண்டும் வெளியாயிற்று. பாட்டுக்கள் பெரும்பாலும் அவையே; குரல் மட்டும் வேறு. முன்னர் மேடையில் மனம் வருந்திய அக்குரலை, இரசிகர் பலர் இப்போது விரும்பி வரவேற்றனர். மாறியது ஹோர்ணின் குரலா? அன்று, கேட்போரின் செவி. முப்பத்தெட்டு ஆண்டுகளில் 'டிறாமா'வும் பழைய பொருளாகி, அருமையும் பெற்றுவிட்டது.

இங்கேதான் வழக்காடுவோர் தம் நெஞ்சைத் தாமே வினவுதல் வேண்டும். 1972இல் பதினெட்டு வயதில் அந்நெடும் பாட்டைக் கேட்டு மெய்ம்மறந்த இளைஞன், இன்று எழுபதைக் கடந்த முதியவன். அவன் காத்து நிற்பது ஓர் இசைத்தட்டை மாத்திரமா? தன் இளமையையும் அன்றோ! எந்தப் புதிய தட்டும் அதனை மீட்டுத் தர வல்லதன்று. பழைய முறையில் பாடினால் 'போலி' என்றும், புதிய முறையில் பாடினால் 'துரோகம்' என்றும் தீர்ப்புக் கூறினால், முதுமையடைந்த கலைஞன் பாடுவதற்கு எவ்வழிதான் எஞ்சும்? முன்னேறிச் செல்வதையே தன் பெயராகக் கொண்ட இசைக்கு, நின்ற இடத்திலேயே நில் என்று கட்டளையிடுவது பொருந்துமா?

இதனால், பிற்காலத் தட்டுக்கள் யாவும் சிறந்தவை என்பது பெறப்படாது. தளர்ந்ததைத் தளர்ந்தது என்றே சொல்லுதல் வேண்டும். அன்பின் பெயரால் பொய் கூறுதல் கலைஞருக்கும் மதிப்பாகாது. ஆனால் அத்தீர்ப்பு, பாட்டை முற்றக் கேட்டபின் வரும் தீர்ப்பாதல் வேண்டும். உறையின் மேல் அச்சிட்ட பெயர்ப் பட்டியலைக் கண்டதும் வரும் தீர்ப்பு, இசையைப் பற்றியதன்று.

தேரைப் பற்றிய வினாவுக்கும் விடை இதுவே. எந்த மரம் பழையது, எந்த மரம் புதியது என்று கணக்கெடுப்பவர் கணக்கெடுக்கட்டும். வடத்தில் கைவைத்து இழுத்துப் பார்த்தவருக்கே, தேர் ஓடுகின்றதா நிற்கின்றதா என்பது தெரியும்.