வெளியேற முடியாத வீடு: பெருநிறுவனங்களும் ஏகபோகமும்

(இத்தாலி, பலெர்மோ நகரின் பொலிதேயாமாப் பகுதியில் பெற்றோரும் இளையோரும் கூடிய சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஏகபோகம் எமக்குப் புதிதன்று. இலங்கைக் கரையோரத்தை ஒல்லாந்தர் ஆண்டபோது கறுவா வணிகம் முழுவதும் அவர்தம் கும்பனியின் கையிலிருந்தது. பிறர் விற்றால் கடுந்தண்டனை. ஆங்கிலேயர் காலத்திலும் நீடித்த அம்முற்றுரிமை 1833இலேயே நீங்கியது. அன்று வேலி கண்ணுக்குத் தெரிந்தது. இன்று தெரிவதில்லை.

யாழ்ப்பாணத்திலுள்ள உறவுகளுடன் நாம் பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாகவே பேசுகின்றோம். "விருப்பமில்லையேல் வேறு செயலிக்கு மாறலாமே" என இளையோர் கேட்பர். நியாயமான வினாவே. ஆயினும் அம்மம்மாவும் மாமாவும் தமிழ்ப் பள்ளியும் அங்கேயே இருக்க, நீங்கள் மட்டும் வெளியேறி யாருடன் பேசுவீர்கள்? உறவுகளே அங்கு வேலியாகிவிடுகின்றன.

2014இல் வாட்ஸ்அப்பை வாங்கிய பேஸ்புக், இரு சேவைகளின் பயனர் கணக்குகளையும் நம்பகமாகத் தானே இணைக்க இயலாது என ஐரோப்பிய ஆணையத்திடம் கூறியது. 2016இல் அவ்விணைப்புக்கு வழி செய்தது. தவறான தகவல் தந்தமைக்காக 2017 மே மாதத்தில் ஆணையம் 110 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. அதே மாதத்தில் இத்தாலியப் போட்டி ஆணையமும் வாட்ஸ்அப்புக்கு 3 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. தரவுப் பகிர்வுக்கு உடன்படாவிடின் செயலியைத் தொடர்ந்து பயன்படுத்த இயலாது எனப் பயனரை நம்பவைத்தமையே குற்றம். வெளியேற இயலாதவரிடமே இத்தகைய மிரட்டல் பலிக்கும்.

மறுபக்கத்தையும் கூறவேண்டும். டிக்டாக், யூடியூப் ஆகியவற்றின் போட்டியைச் சுட்டி, மெட்டா இன்று ஏகபோகமெனக் காட்டப்படவில்லை என 2025 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. ஆனால் அவ்வழக்கு அந்நாட்டுச் சமூக வலைத்தளச் சந்தையைப் பற்றியது. காணொளி பார்க்கப் பல வாயில்கள் உண்டு. தாயகத்து உறவுகளுடன் பேசவோ எம்மிற் பலருக்கு ஒரே வாயிலே உண்டு.

ஆகவே, நிறுவனம் பெரிதா என்பதன்று வினா. எம்மால் வெளியேற முடியுமா என்பதே வினா. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சந்தைகள் சட்டம் இதனை உணர்ந்துள்ளது. பிற செய்திச் சேவைகள் கோரினால், வாட்ஸ்அப் அவற்றுடன் இணைந்து இயங்க வழி திறக்கவேண்டும் என அது கட்டளையிடுகின்றது.

சட்டம் கதவைத் திறக்கும், நடக்கவேண்டியவர் நாமே. இளையோரே, உங்கள் குடும்பத்துக்கு இரண்டாவது தொடர்பு வழியொன்றை அமைத்துக் கொடுங்கள். பெற்றோரே, உறவுகளின் தொலைபேசி எண்களைக் கொப்பியிலும் எழுதி வையுங்கள். எம் உறவுப் பாலத்தின் திறவுகோல் ஒரே நிறுவனத்தின் கையில் இருத்தலாகாது.