லண்டனுக்கும் திருகோணமலைக்கும் எவ்வளவு தூரம்?

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நாங்கள் படித்த காலத்தில் மூதூர்த் தோழிகள் லோஞ்சில் துறைமுகத்தைக் கடந்து வருவார்கள். கிண்ணியாத் தோழிகள் பாதைக்காகக் காத்திருப்பார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததும் அந்தத் தூரம் குறைந்தது. ஆனால் நாங்களோ லண்டன், ரொறன்ரோ, மெல்பேண் என்று தூரப் போய்விட்டோம்.

கொழும்புக்கும் லண்டனுக்கும் இடையில் வான்வழித் தூரம் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் 11 மணித்தியாலம். "ஒன்றென்றால் ஓடி வந்துவிடுவோம்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறோம். வீட்டு வாசலிலிருந்து கணக்குப் பார்ப்போம். விமான நிலையம் போக 1 மணித்தியாலம். அங்கே 3 மணித்தியாலம். பறப்பு 11. கட்டுநாயக்காவில் வெளியே வர 1. தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் தாண்டி ஊர் சேர இன்னும் 6. மொத்தம் 22 மணித்தியாலம். அதுவும் உடனே டிக்கெட் கிடைத்தால்தான். நேரடி விமானம் இல்லாத ரொறன்ரோவிலிருந்து இன்னும் கூடும்.

வைத்தியர்களான நாங்கள் இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறோம். மூளைக்குப் போகும் குருதிக்குழாய் அடைபட்டுப் பாரிசவாதம் வந்தால், கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். ஸ்கான் எடுப்பதும் அதற்குள்தான். 22 எங்கே, நாலரை எங்கே?

இங்கே விடியற்காலை 5 மணிக்கு அம்மாவின் வாய் கோணுகிறது, ஒரு கை தளர்கிறது, பேச்சுக் குழறுகிறது. வீட்டில் நிற்பவர் முதலில் லண்டன் மகளுக்குத்தான் அழைப்பார். அங்கே நள்ளிரவு. மகள் எழும்பி, தம்பியைக் கேட்டு, முடிவு சொல்லும்போது ஒரு மணித்தியாலம் போய்விடும். முதல் அழைப்பு 1990 சுவசெரிய அம்புலன்சுக்குப் போகட்டும். அது இலவசம். மகளுக்கு வழியில் சொல்லலாம்.

ஆகவே சகோதரிகளே, திரும்பிப் போகுமுன் நான்கு காரியம் செய்வோம். 1990ஐப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். கிளினிக் கொப்பியையும் மருந்துப் பட்டியலையும் ஒரே பையில் வைப்போம். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறிக்கவும், அந்நேரம் தண்ணீரோ டிஸ்பிரினோ கொடுக்காமலிருக்கவும் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்போம். "கேட்காமலே கொண்டுபோங்கள்" என்று பக்கத்து வீட்டாருக்கு இப்போதே அனுமதி கொடுப்போம்.

ஊரிலிருக்கும் நாங்களும் ஒன்று செய்யலாம். வெளிநாட்டுத் தோழி ஒவ்வொருவரின் பெற்றோருக்கும் அருகில் வசிக்கும் பழைய மாணவிகள் இருவர் பொறுப்பெடுக்கட்டும். உவர்மலையிலிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்குச் சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்தை லண்டனிலிருக்கும் தோழிக்காக நாங்கள் ஓடுவோம்.

சங்கம் இன்றே பெயர்ப் பட்டியலைத் தொடங்க வேண்டுமென்று கேட்டு விடைபெறுகிறோம்.