வீடு பெயர்தலும் வீடு காண்டலும்



‘வீடு’ என்னும் சொல்லின் வேர் ‘விடு’ என்பதாம். விட்டு நீங்குதலும் வந்து தங்குதலும் அவ்வொரு சொல்லுக்குள் குடியிருக்கின்றன. ஊர் மாறும் குழந்தையின் மனம் இவ்விரண்டிற்கும் இடையில் நிற்பது. “புது ஊர் இதைவிட நன்றாயிருக்கும்” என்று பெரியோர் தேற்றுவர். அச்சொல் துயரை ஆற்றுவதில்லை, மூடிவிடுகிறது. நல்ல படநூல் அதனை மூடுவதில்லை. மூன்று நூல்கள் இதற்குச் சான்று.

முதலாவது, அமெரிக்கரான வர்ஜீனியா லீ பர்ட்டன் எழுதி வரைந்து 1942இல் வெளியிட்ட ‘தி லிட்டில் ஹவுஸ்’. 1943இல் கால்டிகாட் பதக்கம் பெற்றது. நாட்டுப்புறக் குன்றொன்றின்மேல் ஒரு சின்ன வீடு. அதனைச் சுற்றிச் சாலை வருகிறது, மாடிக் கட்டடங்கள் எழுகின்றன, விண்மீன்கள் மறைகின்றன. வீடு ஓர் அடியும் நகரவில்லை. ஆயினும் தன் இடத்தை இழக்கிறது. கட்டியவரின் வழித்தோன்றல் ஒருத்தி அதனை அடையாளங்கண்டு, பெயர்த்தெடுத்து, மீண்டும் ஒரு குன்றில் இருத்துகிறாள். இங்கே திரும்புதல் கைகூடுகிறது.

இரண்டாவது நூலில் அது கைகூடவில்லை. யோகோஹாமாவில் 1937இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆலன் சே 1993இல் வெளியிட்டது ‘கிராண்ட்ஃபாதர்ஸ் ஜர்னி’. 1994இல் அதே பதக்கம் பெற்றது. ஜப்பானிய இளைஞர் ஒருவர் முதன்முறையாக ஐரோப்பிய உடை அணிந்து கப்பலேறிக் கலிபோர்னியாவில் வாழ்கிறார். ஊர் நினைவு வாட்டத் திரும்புகிறார். திரும்பியபின் கலிபோர்னியாவுக்காக ஏங்குகிறார். மீண்டும் செல்ல எண்ணும்போது போர் மூள்கிறது. ஏக்கம் தீராமலே மறைகிறார். அது பேரனுக்கு உரிமையாகிறது. குழந்தை நூலொன்று தீராத துயரைத் தீராததாகவே சொல்லத் துணிந்தது பெரிது.

மூன்றாவது, ஆஸ்திரேலியரான ஷான் டான் 2006இல் வெளியிட்ட ‘தி அரைவல்’. மனைவியையும் மகளையும் விட்டு ஒருவர் அயல் நகரம் சேர்கிறார். கதை சொல்ல ஒரு சொல்லும் இல்லை. அந்நகரின் எழுத்துகள் ஓவியர் புனைந்தவை. ஆதலின் வந்தவரைப் போலவே படிப்பவரும் எழுத்தறியாதவராகிறார். சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அவர் அவற்றைத் தலைகீழாக ஒட்டுகிறார். முன்னரே புகலடைந்தோர் அவருக்குத் துணையாகின்றனர். பின்னர் மனைவியும் மகளும் வந்து சேர்கின்றனர். முடிவில் அம்மகள், புதிதாய் வந்து திகைக்கும் ஒரு பெண்ணுக்கு வழி காட்டுகிறாள்.

அந்தச் சுட்டுவிரலே வீட்டின் நிறைவு. கூரை கிடைத்த நாளில் அன்று, மற்றொருவர்க்கு வழி சொல்ல முடிந்த நாளிலேயே அயலூர் சொந்த ஊராகிறது.

தமிழில் குழந்தைகளுக்குப் பாடும் கவிஞர்கள் இம்மூன்றையும் கருதிப் பார்த்தல் நன்று. அறிவுரை கூறி முடித்தல் எளிது. அழும் குழந்தையின் அருகில் அமர்ந்து, அது பேசும் வரை காத்திருக்கும் பாடலே அரிது. அத்தகைய பாடல்கள் இவ்வரங்கின் அடுத்த பத்தாண்டுகளில் மலர்க.