அமில நிலமும் இருவகைப் பசளையும்



மலைநாட்டிலே மழை மிகுதி. அம்மழை மண்ணின் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு போகிறது. எஞ்சுவது அமில மண். தேயிலைக்கு அது உகந்தது. கோவா, லீக்ஸ், கரட் முதலியவற்றுக்கு ஆகாது. அமிலம் மிகுந்தால் அலுமினியம் கரைந்து வேரைக் குறுக்கும். நாம் இடும் பொசுபரசும் மண்ணிலே கட்டுண்டு பயிருக்கு எட்டாது.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது, நவம்பரில் நீங்கியது. விளைச்சல் குன்றியதை யாவரும் கண்டோம். அதனாற் கூட்டெரு பயனற்றதென்பது தவறு. அது மட்டும் போதாதென்பதே பாடம். இரசாயனப் பசளை மட்டும் போதுமென்பதும் பிழையே. யூரியாவையும் அமோனியஞ் சல்பேற்றையும் தொடர்ந்து இட்டால் அமிலம் மேலும் கூடும்.

ஆகவே செய்யத்தக்கது யாது? முதலில் மண்ணைப் பரிசோதிப்போம். அமிலம் மிகுந்திருப்பின், நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே டொலமைற்று இட்டுக் கொத்துவோம். அதனை யூரியாவுடன் கலத்தலாகாது; நைதரசன் ஆவியாகிப் போய்விடும். பின்பு உக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ இடுவோம். அது அலுமினியத்தைப் பிணிக்கும்; ஈரத்தையும் சத்தையும் தாங்கும். அதன்மேல், குறைவான சத்தை மட்டும் இரசாயனப் பசளையாகச் சிறிது சிறிதாக இடுவோம்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக்கு டொலமைற்றினால் அமிலம் போக்க வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் மண் வேறு. ஆதலின் அயலிலுள்ள தோட்டங்களின் மண்ணை எடுத்துப் பரிசோதனைக்குச் சேர்ப்பிப்பது நம் வாலிபர் செய்யத்தக்க நற்றொண்டாகும். விதைக்குமுன் மண்ணை அறிவோம்.