பாட்டுக்கும் உழைத்தவர் பெயர் எழுதுங்கள்

(ஆரணியில் பட்டு நெசவாளர் தோழர்களின் மாலைக் கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றிப் பேச வேண்டியவன் பாட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று சிலர் நினைக்கக் கூடும். கூலியைப் பற்றி நேற்றும் பேசினோம், நாளையும் பேசத்தான் போகிறோம். இன்று இளந்தோழர்களின் கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். "அண்ணே, சேர்த்து வைத்துக் கேட்பதற்கு நல்ல பாட்டுகளாகச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள்.

நான் பத்தாவது வரை படித்தவன்; சங்கீதம் கற்றவனல்ல. ஆனால் தறிக் குழியில் உட்கார்ந்து பழகியவன். அங்கே கையும் காலும் கண்ணும் தறிக்குச் சொந்தம். காது ஒன்றுதான் நமக்கென்று மிச்சம். அந்தக் காதில் என்ன விழ வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்க வேண்டாமா?

நான் பையனாக இருந்த காலத்தில் கேசட்டில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடைகள் இருந்தன. பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஏழு பாட்டு பிடிக்கும், மொத்தம் பதினான்கு. என் தகப்பனார் அந்தப் பதினான்கைத் தீர்மானிக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்வார். எழுதுவார், அடிப்பார், மறுபடி எழுதுவார். கூலிக் காசில் வாங்கும் பாட்டல்லவா! ஒவ்வொரு பாட்டும் தன் இடத்தைச் சம்பாதித்தாக வேண்டும்.

இன்று செல்போனில் லட்சக்கணக்கான பாட்டு கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் கவனியுங்கள். ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டை யார் போடுகிறார்கள்? நாமல்ல, கம்பெனி போடுகிறது. மாதச் சந்தா கட்டினால் பாட்டு தங்கும்; சந்தா நின்றால் இறக்கி வைத்த பாட்டும் வாயை மூடிக்கொள்ளும். வீடு வாடகை, சிலருக்குத் தறியும் வாடகை. பாட்டுமா வாடகை?

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நாம் நெய்கிற சேலையில் கடையின் பெயர் இருக்கும். நெய்தவன் பெயர் இருக்காது. பாட்டின் கதியும் அதுவேதான். "எம்.ஜி.ஆர். பாட்டு", "சிவாஜி பாட்டு" என்கிறோம். எழுதியவர் யார்? மெட்டமைத்தவர் யார்? வாத்தியம் வாசித்தவர்கள் யார்? கேட்டால் விழிக்கிறோம். ஆகவே என் முதல் யோசனை இது: பாட்டைச் சேர்க்கும்போது கூடவே ஒரு நோட்டு வையுங்கள். படம், வருஷம், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களை அதில் எழுதுங்கள்.

எந்தப் பாட்டில் தொடங்குவது?

நம் தறியிலேயே தொடங்குவோம். 1957-ல் வெளிவந்த 'புதையல்' படத்தில் கைத்தறிச் சேலையைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்; இசை விசுவநாதன்-ராமமூர்த்தி; பாடியவர் பி. சுசீலாவும் குழுவினரும். இழை இழையாகப் பின்னி வருகிற சந்தம் அதில் இருக்கிறது. தறியில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். 'குழுவினர்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பெண்களின் குரல் அடங்கிக் கிடக்கிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பட்டுக்கோட்டையார் 1930-ல் பிறந்து 1959-ல், 29 வயதிலேயே மறைந்தவர். மாடு மேய்த்தவர், உப்பளத்தில் வேலை செய்தவர், விவசாயிகள் இயக்கத்தில் நின்றவர். 'நாடோடி மன்னன்' (1958) படத்தில் தம்பியைத் தூங்காதே என்று எழுப்பும் பாட்டும், 'அரசிளங்குமரி' (1961) படத்தில் சின்னப் பையனுக்குப் புத்தி சொல்லும் பாட்டும் அவருடையவை. இரண்டையும் டி.எம். சௌந்தரராஜன் பாடியிருக்கிறார். முன்னதற்கு இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு, பின்னதற்கு ஜி. ராமநாதன். இவ்விரண்டும் இல்லாத சேகரிப்பு ஊடை இல்லாத பாவுதான்.

மூன்றாவதாக, 'பாதை தெரியுது பார்' (1960). நிமாய் கோஷ் இயக்கிய படம். எம்.பி. சீனிவாசன் இசையில், ஜெயகாந்தன் எழுதிய தென்னங்கீற்றுப் பாட்டைப் பி.பி. ஸ்ரீநிவாஸும் எஸ். ஜானகியும் பாடினார்கள். கே.சி.எஸ். அருணாசலம் எழுதிய மூக்குத்திப் பாட்டை டி.எம். சௌந்தரராஜன் பாடினார். படம் அரங்குகளில் அதிக நாள் நிற்கவில்லை, பாட்டு நின்றுவிட்டது. சீனிவாசன் மெட்டமைத்ததோடு நிற்கவில்லை. சினிமாவில் வாத்தியம் வாசிக்கும் கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டுவதில் முன்னின்றார். சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்து, பாரதி பாட்டுகளைப் பல குரல் சேர்ந்து பாட வைத்தார். அந்தச் சேர்ந்திசையையும் தேடி எடுத்து வையுங்கள்.

பாரதி என்றதும் 'நாம் இருவர்' (1947) ஞாபகம் வர வேண்டும். டி.கே. பட்டம்மாள் பின்னணி பாடிய சுதந்திரப் பள்ளுப் பாட்டு, சுதந்திரம் வருவதற்கு முன்பே தெருத் தெருவாக ஒலித்தது. அந்தக் காலத்தில் பாரதி பாட்டைப் படத்திலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமை ஒரு படக் கம்பெனியிடம் இருந்தது. "நம் கவிஞன் பாட்டு தனியார் சொத்தா?" என்று தமிழ்நாட்டில் குரல் எழுந்தது. 1949-ல் அந்த உரிமை சர்க்கார் கைக்கு வந்தது. பின்னர் அவர் எழுத்து முழுவதும் மக்களுக்கே உரியதாயிற்று. பாட்டு யாருடைய சொத்து என்ற கேள்விக்கு ஜனங்கள் ஒருமுறை பதில் சொல்லிவிட்டார்கள். அதை மறந்துவிடக் கூடாது.

தோடி நமக்கில்லையா?

நமது தோழர்களில் சிலர், இயக்கப் பாட்டு மட்டும் போதும் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல இசை மனித உழைப்பின் விளைவு. பட்டை நெய்கிறவன் பட்டுக் கட்டக் கூடாது என்பது எப்படி அநியாயமோ, உழைப்பாளிக்குத் தோடி எதற்கு என்பதும் அப்படியே அநியாயம். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்தில் தோடி ராகத்தைக் கேளுங்கள். நாகசுரக் கலைஞருக்கு உரிய மரியாதை தர மறுத்த காலத்தில், மரியாதையைக் கேட்டு வாங்கியவர் அவர். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழையும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தையும் சேருங்கள். அங்கே குரல் எது, குழல் எது என்று பிரிப்பது கஷ்டம்.

இளையராஜாவைச் சொல்லாமல் விட்டால் இளைஞர்கள் என்னை விடமாட்டார்கள். 'அன்னக்கிளி' (1976) படத்துக்கு முன்பே, தன் அண்ணன் பாவலர் வரதராஜனோடு இடதுசாரி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்து ஊர் ஊராகச் சுற்றியவர் அவர். சினிமாவுக்கு வெளியே 1986-ல் அவர் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தை வாங்குங்கள். சொல்லின் துணையில்லாமல் வாத்தியங்களே பேசும்.

இனிமையான பாட்டுகளுக்கு நடுவே தூக்கம் கெடுக்கிற பாட்டு ஒன்றும் இருக்க வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கவிஞர் இன்குலாப் எழுதி, கே.ஏ. குணசேகரன் பாடிய 'மனுசங்கடா' அந்த நெருப்பை அணையாமல் வைத்திருக்கிறது. இருவரும் 2016-ல் மறைந்தார்கள், பாட்டு மறையவில்லை.

அயல்நாட்டிலிருந்து ஒருவரையாவது வையுங்கள். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சன். 1950 முதல் 1958 வரை அவருடைய பாஸ்போர்ட்டை அமெரிக்க சர்க்கார் முடக்கி வைத்தது. 1957-ல் அவர் கடல் கடந்து போகவில்லை. தொலைபேசிக் கம்பி வழியாகவே வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாடினார். மிசிசிப்பி ஆற்றைப் பற்றிய அவர் பாட்டைக் கேளுங்கள். பாஷை புரியாவிட்டாலும் பாரம் புரியும்.

பட்டியலில் இல்லாத பாட்டு

தோழர்களே, கடைசியாக ஒன்று. என் தாயார் திண்ணையில் ராட்டையோடு உட்கார்ந்து தார் சுற்றும்போது பாடுவார். தாலாட்டாகத் தொடங்கும், நடுவில் கூலி வராத கதை நுழையும், கடைசியில் யாரையோ கேலி செய்து முடியும். ஒரு நாள் பாடியதுபோல் மறுநாள் பாடமாட்டார். நான் ஊர் ஊராகக் கூட்டத்துக்குப் போனேன். நல்ல பாட்டெல்லாம் தேடித் தேடிச் சேர்த்தேன். என் சட்டைப் பையில் பதிவு செய்யும் போன் இருந்தது. அம்மாவின் பாட்டை மட்டும் பதிவு செய்யவில்லை. எங்கே போய்விடப் போகிறார் என்றிருந்தேன். அவர் போய்விட்டார். இன்று இரண்டு அடி ஞாபகம் இருக்கிறது. மெட்டு பாதிதான் வருகிறது. எந்தக் கம்பெனியிடம் சந்தா கட்டி அதை வாங்குவேன்?

ஆகவே, நான் சொன்ன பாட்டுகளையெல்லாம் நாளைக்குத் தேடிக்கொள்ளலாம். அவை எங்கும் போய்விடா. இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் தாயாரை, பாட்டியை, பக்கத்து வீட்டு அத்தையைப் பாடச் சொல்லுங்கள். "எனக்கென்ன பாட்டுத் தெரியும்" என்பார்கள், விடாதீர்கள். பதிவு செய்து, பென் டிரைவ் ஒன்றிலும் பிரதி எடுத்து வையுங்கள். பிறகு நோட்டைத் திறந்து, முதல் பக்கத்தில், முதல் வரியில் அவர்கள் பெயரை எழுதுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாருங்கள். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தனித்தனியாகக் கேட்டது போதும். எல்லோரும் சேர்ந்து கேட்போம். கூலியைப் பற்றியும் அப்போது பேசுவோம்.